வெள்ளைச்சாமி பேரில் விற்ற மெஷின்கள்

தண்ணி வேண்டாம் தம்பி. நீங்க சாப்பிடுங்க. சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்பவனுக்கு உபசாரம் எதற்கு? நான் இப்படி வாசலோரம் உட்கார்ந்துகொள்கிறேன். ஜெயராக்கினி எத்தனை மணிக்கு வருவாள்? மூணரையா? இப்போ ரெண்டேகால். இருக்கிறேன். அவளைப் பார்க்காமல் இன்றைக்கு சின்னாளபட்டியை விட்டு நகர மாட்டேன். ஆடிட்டர் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார். நோட்டீசுக்குப் பதில் போட நாளைக்குக் கடைசி நாள்.

என்னைத் தெரியவில்லையா? வெள்ளைச்சாமி. திண்டுக்கல்லில் உங்க வீட்டுக்காரம்மா வேலை பார்த்த கடையில் சீனியர் சேல்ஸ்மேன். அப்போ. இப்போ அந்தக் கடையில் இல்லை. சொல்லியிருக்கிறாளா? நல்லதாகத்தான் சொல்லியிருப்பாள்.

ரெண்டு காரியம். அவளிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. அது வேண்டும். இந்தக் காகிதத்தில் அவள் கையெழுத்து வேண்டும். அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. பணம் காசு கேட்டு வரவில்லை, பயப்படாதீங்க.

எதற்கா? சொல்கிறேன். எனக்கு வளவளவென்று பேச வராது. இடையில் கேள்வி கேட்காமல் இருந்தால் முடித்துவிடுவேன்.

என் மகள் வயிற்றுப் பேத்திக்குக் காது கேட்காது. பிறவியிலேயே. தர்ஷிகா என்று பேர். குக்கர் விசில் அடித்தால் திரும்ப மாட்டாள். தரையில் காலால் தட்டினால் திரும்புவாள். அதனால் வீட்டுக்குள் நுழையும்போதே தட்டிக்கொண்டு நுழைவேன். கீழ்வீட்டுக்காரன் சண்டைக்கு வருகிறான், 'பெருசு, மாடியில என்ன குதிரையா கட்டியிருக்க' என்று. அவளுடைய அப்பன், காது கேட்காது என்று டாக்டர் சொன்ன அந்த மாதமே திருப்பூருக்குப் போனான். போனவன் போனவன்தான்.

காதுக்குள் ஒரு கருவி வைத்தால் கேட்கும். தனியாரில் ஏழு லட்சம். அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தால் இலவசம். ஆனால் ஆறு வயது முடிவதற்குள் வைத்துவிட வேண்டும், அப்புறம் வைத்தாலும் பேச்சு வராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அட்டைக்கு, வருமானம் குறைவு என்று வருமானச் சான்று வேண்டும். எங்கள் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவன் நான். என் வருமானத்தைத்தான் பார்ப்பார்கள்.

வருமானமா? செருப்புக்கடை வாசலில் வாட்ச்மேன். மாதம் ஆறாயிரம். சான்று கிடைக்காமல் எங்கே போகும் என்று நிமிர்ந்துதான் போனேன்.

தாலுகா ஆபீசில் நாற்காலியில் ஒரு பெண் பிள்ளை. என் மகளைவிடச் சின்னவள்.

"தாத்தா, வருஷம் எழுபத்திரெண்டாயிரம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"பாஸ்புக் இருக்கா?"

கொடுத்தேன். புரட்டினாள். பின்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாசாமாசம் நாப்பத்தெட்டாயிரம் வந்திருக்கே?"

"அது என் பணம் இல்ல."

"உங்க பேர்லதானே வந்திருக்கு?"

"பேர் என்னோடது. பணம் என்னோடது இல்ல."

சிரித்தாள். "எங்க தாத்தா பேர்லயும் இப்படி நாலு பேரு பணம் போட்டிருந்தா நான் ஏன் தாத்தா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்?" என்றாள். பக்கத்து மேசைக்காரனும் சிரித்தான்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அந்தப் பணத்துக்கு வரிகூடப் பிடித்திருக்கிறார்கள் தெரியுமா என்று பையிலிருந்து இந்த வருமான வரி நோட்டீசை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நானே வைத்தேன் தம்பி. போனில் ஏதோ வந்து கிடந்தது, பிரவுசிங் சென்டர்க்காரன் அச்சடித்துக் கொடுத்தான். முழுக்க இங்கிலீசு. அதில் என் பேரும் தொகையும் பிடித்த வரியும் இருந்தது. நான் அதை ரசீது என்று நினைத்திருந்தேன்.

படித்தாள். சிரிப்பு போய்விட்டது.

"தாத்தா, இந்த ஆறு லட்சத்துக்குக் கணக்கு கேட்டிருக்காங்க. இதை முடிச்சிட்டு வாங்க. உங்க பணம் இல்லைன்னு அவங்க ஒத்துக்கிட்டா நான் உடனே கையெழுத்துப் போடறேன். இதைப் பார்த்துட்டுப் போட்டா என் வேலை போயிடும்."

அவளைக் குறை சொல்ல முடியாது. நல்ல பெண். நான்தான் முட்டாள்.

அந்தப் பணம் என்ன பணம் என்று கேட்கிறீங்க. ஜெயராக்கினி சொல்லவில்லையா? இன்சென்டிவ். சம்பளம் கடைக்காரர் கொடுக்கிறார். அது தனி. எனக்கு ஒன்பதாயிரத்து ஐநூறு. ஆனால் வாஷிங் மெஷின் செய்கிற கம்பெனி இருக்கிறானே, அவன் கடையில் நிற்கிற எங்களுக்கு நேராகப் பணம் போடுவான். வேறு கம்பெனி மெஷினைத் தள்ளாமல் அவன் மெஷினைத் தள்ளுவதற்கு. விற்ற மெஷினின் நம்பரை அன்றைக்கே போனில் ஏற்ற வேண்டும். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்து நம் கணக்கில் போடுவான்.

அதில் ஒரு சூட்சுமம். மாதம் பத்துக்குக் கீழே விற்றவனுக்கு ஒன்றும் கிடையாது. பத்து விற்றால் ஒன்றுக்கு நூறு. ஐம்பதைத் தாண்டினால் ஒன்றுக்கு எண்ணூறு! நாங்கள் எட்டு சேல்ஸ்மேன். கடையில் மொத்தம் அறுபது, அறுபத்தைந்து போகும். தனித்தனியாக ஏற்றினால் ஆளுக்கு எட்டு. எட்டுப் பேருக்கும் பட்டை நாமம். எல்லாவற்றையும் ஒரே ஆள் பேரில் ஏற்றினால்? அறுபத்து நாலு, எண்ணூறு. ஐம்பத்தோராயிரம். வரி போக நாற்பத்தெட்டு.

எல்லாக் கடையிலும் இப்படித்தான் செய்தார்கள். கம்பெனி ஆளுக்கே தெரியும். அவன்தான் கண்ணடித்துச் சொல்லிக் கொடுத்தான். எங்கள் முதலாளிக்கு மட்டும் தெரியாது.

யார் பேரில் போடுவது என்று வந்தபோது எல்லோரும் என்னைக் காட்டினார்கள். பான் கார்டு எனக்கு மட்டும்தான் ஒழுங்காக இருந்தது. ஒருத்தன் கணக்கில் பணம் விழுந்தால் லோன்காரன் எடுத்துக்கொள்வான். இன்னொருத்தன் கணக்கை அவன் பெண்டாட்டி பார்ப்பாள். "வெள்ளையண்ணன் பேர்ல போடுவோம், அண்ணன் ஒரு பைசா தொட மாட்டார்" என்று காஜா சொன்னான். தொடவில்லை தம்பி. பணம் விழுந்த அன்றைக்கே எடுத்து, பஸ் ஸ்டாண்டு பின்னால் டீக்கடையில் உட்கார்ந்து, எட்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுவேன். ஒரு ரூபாய் முன்னே பின்னே இருக்காது. தராசு மாதிரி பிரித்தேன். கடையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க.

கேட்டால் சொல்ல மாட்டார்கள். அதற்குத்தான் வருகிறேன்.

ஆடிட்டரிடம் போனேன். பெரிய ஆடிட்டர் இல்லை, மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டிருப்பவர். நல்ல மனுஷன், ஆனால் பேசினால் நமக்கு ரத்தம் கொதிக்கும்.

"ரிட்டர்ன் போட்டீங்களா ஐயா?"

"எதுக்கு? அதான் கம்பெனி வரியைப் பிடிச்சிட்டானே."

"அவங்க பிடிச்சது அஞ்சு பர்சென்ட். அது முன்பணம் மாதிரி. மொத்த வருமானத்தையும் நீங்கதான் காட்டணும்."

"எவன் சொன்னான்?"

"சட்டம்."

"என்கிட்ட வந்து சொல்லலை."

தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார், எட்டுப் பேரும் தனித்தனியாக வாங்கியிருந்தால் ஒருத்தனுக்கும் வரியே வந்திருக்காதாம். அத்தனையும் என் பேரில் வந்ததால் ஆறு லட்சத்துப் பதினாலாயிரத்து நானூறும் என் வருமானமாம். அதன் மேல் சம்பளம். வரி, வட்டி, தண்டம். அதைக் கட்டிவிட்டால் விட்டுவிடுவார்களா என்றேன். கட்டினால் நீங்களே அது உங்கள் பணம் என்று ஒத்துக்கொண்ட மாதிரி, வருமானச் சான்றை மறந்துவிடுங்கள் என்றார். கட்டப் பணமும் இல்லை, அது வேறு விஷயம்.

"பங்கு வாங்கினவங்க எழுதிக் கொடுக்கணும் ஐயா. இல்லைன்னா யார் யார் எத்தனை வித்தாங்கன்னு அன்னன்னிக்கு எழுதின கணக்கு ஏதாவது இருக்கா?"

டீக்கடை பெஞ்சில் கணக்கு ஏது? கை மாறியது ரொக்கம்.

ஏழு பேரிடமும் போனேன். ஒரு வாரம் அலைந்தேன். காஜா கட்டிப் பிடித்துக்கொண்டான், பிரியாணி போட்டான், எழுதிக் கொடு என்றதும், "அண்ணே, என் வீட்டுக்காரிக்கு அரசாங்கத்துல மாசாமாசம் பணம் வருது. வருமான வரி, கிருமான வரின்னு என் பேரு எங்கயாவது ஏறிச்சுன்னா அது நின்னுரும். பிரியாணி இன்னும் கொஞ்சம் போடவா?" என்றான். இன்னொருத்தன், "பணமா? எனக்கா? எப்போண்ணே?" என்று என் கண்ணைப் பார்த்துக் கேட்டான். என் எதிரில் எச்சில் தொட்டு எண்ணினவன் தம்பி! எண்ணி முடித்து, 'ஒரு நோட்டு கிழிஞ்சிருக்கு, மாத்திக் குடுங்க' என்றவன். ஒருத்தன் கதவே திறக்கவில்லை. உள்ளே டி.வி. ஓடுகிறது, நான் வாசலில் நிற்கிறேன்.

பால்சாமி ஒருத்தன்தான் வழி சொன்னான். அவனும் எழுதிக் கொடுக்கவில்லை, வழி மட்டும் சொன்னான்.

"அந்த டெமோ பொண்ணு ஒரு நோட்டுல எல்லாம் எழுதி வெச்சிருந்துச்சேண்ணே. எந்த மெஷின், என்ன நம்பர், யாரு வித்தான்னு. அந்த நோட்டைக் காட்டித்தானே நீங்க அதை வேலையை விட்டுத் தூக்க வெச்சீங்க?"

அவன் வாய் அப்படி. அதை அந்த மாதிரிச் சொல்லக் கூடாது. நடந்தது வேறு.

நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. எனக்கு அந்தப் போன் வேலை வராது. நம்பரை ஏற்றுவது, படம் எடுப்பது, இதெல்லாம் என் விரலுக்குப் பழக்கமில்லை. ஜெயராக்கினி மெஷினை ஓட்டிக் காட்டுகிற வேலைக்குத்தான் இருந்தாள். தண்ணீரை ஊற்றி, ரெண்டு துணியைப் போட்டு, சுற்றுது பாருங்க என்று காட்டுவது. 'ஜெயா, இதைக் கொஞ்சம் ஏத்து' என்று என் போனை அவளிடம் கொடுத்துவிடுவேன். ஒரு வருஷம் முழுக்க அவள்தான் ஏற்றினாள். ஏற்றும்போதே ஒரு நோட்டிலும் எழுதிக்கொள்வாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவளுக்கு எழுத்து அழகு.

அந்த தீபாவளி மாதப் பணம் விழுந்தது. டீக்கடையில் பிரித்துக்கொண்டிருக்கிறேன். வந்து நிற்கிறாள்.

"அண்ணே, எனக்கு?"

"உனக்கு எதுக்கு?"

"நானும்தானே விக்கிறேன்?"

"நீ சேல்ஸ்மேனா?"

"கஸ்டமர் வந்து நின்னா முதல்ல பேசுறது நான்தானேண்ணே. நீங்கல்லாம் பில் போடுற நேரத்துலதானே வருவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். காஜா, "பாப்பா, துணி சுத்துறதைக் காட்டினா அது வியாபாரம் ஆயிருமா? அப்ப துணிக்கும் ஒரு பங்கு குடுக்கணும்ல" என்றான். நான் சிரிக்கவில்லை. நியாயமாகத்தான் சொன்னேன். உனக்குப் புருஷன் ஆட்டோ ஓட்டுகிறான், ரெண்டு சம்பளம் வருகிற வீடு, இவர்களுக்கு ஒற்றைச் சம்பளம் என்றேன். இதில் தப்பு என்ன? நீங்க ஓட்டுறீங்கதானே?

ஏன் தம்பி, போதுமா? குழம்பு அப்படியே இருக்கே. சாப்பிடுங்க. நான் பேசுவதைக் கேட்டு யாரும் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம்.

அப்புறம் பங்குனியில் ஒரு நாள், உங்களோடு சரிசமமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாதிப் பங்காவது கொடுங்கள், இல்லாவிட்டால் இந்த நோட்டை முதலாளியிடம் காட்டுவேன் என்றாள். பாருங்க, மிரட்டல். என்னை! முப்பத்தொரு வருஷ சர்வீஸ். அவள் போவதற்கு முன்னால் நான் போனேன். "முதலாளி, அந்தப் பொண்ணு கஸ்டமர் விவரத்தையெல்லாம் நோட்டுல எழுதுது. எதுக்குன்னு தெரியலை. பக்கத்துக் கடையில அதோட சொந்தக்காரி இருக்கா" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். திருடி என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னது முதலாளி. எல்லோர் முன்னாலும் சொன்னார், அது அவர் குணம். பையைக் கொட்டிப் பார்க்கச் சொன்னதும் அவர்தான்.

நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு போனாள். அதைப் பிடுங்கியிருந்தால் இன்றைக்கு நான் என்ன செய்திருப்பேன்? நல்லவேளை.

ஆமாம், நல்லவேளை என்றுதான் சொன்னேன். ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

எனக்கு அதில் என்ன லாபம்? எல்லோருக்கும் எட்டில் ஒன்று, எனக்கும் எட்டில் ஒன்று. மதுரையில் ஹோட்டலில் கம்பெனி விழா எடுத்தான், வாடகைக் கோட்டு போட்டு மேடையில் ஏற்றினான், மாநிலத்திலேயே மூன்றாவது என்று ரெண்டு தங்கக் காசு கொடுத்தான். அது பேருக்குரியவனுக்கு. அதை எட்டாக வெட்ட முடியுமா? அந்தக் காசை அடகு வைத்துத்தான் பிள்ளைக்குக் காது டெஸ்ட் எடுத்தோம். ஊதாரித்தனம் ஒன்றும் செய்யவில்லை.

காகிதத்தைப் பார்க்கணுமா? பாருங்க. ஆடிட்டர் தமிழில்தான் அடித்துக் கொடுத்திருக்கிறார். சத்தமாக வேண்டாம், பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறது.

ஆமாம். 'என் பங்காக ரூபாய் அறுபத்தெட்டாயிரத்து இருநூற்று அறுபத்தாறு ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்.' ஒன்பதில் ஒரு பங்கு. அவளைச் சேர்த்தால் ஒன்பது. 'மற்றவர்களும் என் முன்னிலையில் பெற்றுக்கொண்டார்கள்.' அதுதான் முக்கியம். வாங்கினவர்களில் ஒருத்தியாவது வாங்கினேன் என்று ஒத்துக்கொண்டு, நோட்டும் இருந்தால், மற்றவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்களாம்.

வாங்கவில்லைதான். தெரியும். நான்தானே கொடுக்கவில்லை, எனக்குத் தெரியாதா? காகிதத்துக்குத்தானே தம்பி. இதனால் அவளுக்கு ஒரு பைசா வரி வராது, ஆடிட்டரிடம் கேட்டுவிட்டேன். அவளுக்கு என்ன நஷ்டம்?

என்ன? எப்போ? அந்த வருஷமா? ஆட்டோவை பைனான்ஸ்காரன் தூக்கிக்கொண்டு போனானா?

எவ்வளவு பாக்கி?

பதினாலாயிரமா.

எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. கேட்டாள். கேட்டாள்தான். எதற்கு என்று சொல்லவில்லையே. சொல்லியிருந்தால்...

சொல்லியிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். உண்மையைச் சொல்கிறேன். இப்போ பொய் சொல்ல எனக்கு நேரமில்லை.

மணி என்ன? மூணேகாலா? தட்டைக் கழுவிவிட்டு வாங்க. நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன்.

அதோ வருகிறாள். இளைத்துவிட்டாளே.

வாம்மா. நான்தான். எழுந்திருக்க முடியவில்லை, முட்டி பிடித்துக்கொண்டது. உன் வீட்டுக்காரரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். நீயும் அதைப் படி. பையை இறக்கி வைத்துவிட்டுப் படியேன். சரி, நின்றே படி.

ஏன் உள்ளே போகிறாள்? தம்பி, என்ன செய்யப் போகிறாள்? கிழித்துவிடுவாளா? கிழித்தால் இன்னொன்று அடிக்க ஆடிட்டரிடம் போய் வர நேரமில்லை.

நோட்டு. நோட்டுதான். கொண்டு வந்துவிட்டாள். பிரவுன் அட்டை போட்டு வைத்திருக்கிறாய். கொடும்மா. கண்ணாடி எங்கே வைத்தேன்? இதோ.

தேதி. மெஷின் நம்பர். கடைசியில் என்ன, எழுத்தா? பா, பால்சாமி. கா, காஜா. வெ, நான். ஜெ...

நீயா?

இந்தப் பக்கத்தில் வெ எத்தனை? மூன்று. அடுத்ததில்? ஒன்று. நீ குறைத்து எழுதியிருக்கிறாய். ஐப்பசியில் நான் ஒன்றா விற்றேன்? அந்த வத்தலக்குண்டு டீச்சர், பழைய மெஷினைக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டு போனார்களே, அது நான். ஜெ என்று போட்டிருக்கிறாய். என்ன? அந்த அம்மா வந்தபோது நான் எங்கே போயிருந்தேன்? டீ குடிக்கப் போயிருக்கலாம். வந்து பில் போட்டது நான்தானே. பில் போட்டேன் இல்லையா? சரி, மேலே. ஜெ. ஜெ. ஜெ. இந்த நிலக்கோட்டைக் கல்யாண ஆர்டர், நாலு மெஷின், நாலும் ஜெ. அவர்களை யார்... சரி. நீதான். ஞாபகம் இருக்கிறது. அந்தப் பாட்டிக்கு நாற்காலி போட்டு, பில்டரைக் கழற்றிக் கழற்றிக் காட்டிக்கொண்டு மத்தியானம் சாப்பிடாமல் இருந்தாய்.

கடைசிப் பக்கமா? கூட்டி வைத்திருக்கிறாயா?

மொத்தம் எழுநூற்று அறுபத்தெட்டு. கம்பெனிக் கணக்கும் அதுதான்.

வெ, அறுபத்தொன்று.

பால்சாமியைவிடக் கம்மி.

சொல்லு. என்ன வேண்டும் உனக்கு? நோட்டைத் தருகிறாயா? ம். அந்தக் காகிதத்தில் போட மாட்டாயா? 'வாங்கலைன்னு எழுதித் தர்றேன்' என்கிறாயா? அதை வைத்து நான் என்னம்மா செய்வது? வாங்கவில்லை என்று நீ எழுதினால் உன் பங்குப் பணம் முழுவதும் என் தலையில் அல்லவா நிற்கும்? ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம்!

யாரிடம் இருந்ததா? எட்டுப் பேரிடம் இருந்தது. எட்டுப் பேரும் தின்றோம்.

ஜெயா, ஐந்து வாரம்தான் இருக்கிறது. காலில் விழணுமா? விழுகிறேன். விடுங்க தம்பி, பிடிக்காதீங்க. எனக்கு வெட்கம் எல்லாம் ஆறாவது வீட்டு வாசலிலேயே போய்விட்டது. பிள்ளைக்காகக் கேட்கிறேன். எனக்காக இல்லை.

என்ன சொல்கிறாள்? பிள்ளைக்காகத்தான் நோட்டைத் தருகிறாளா? எனக்காக என்றால் தண்ணிகூடத் தர மாட்டாளா? நியாயம்.

இரு. ஆடிட்டரைக் கேட்கிறேன். தம்பி, இந்த நம்பரைப் போட்டுக் கொடுங்க.

ஹலோ. வெள்ளைச்சாமி. நோட்டு கிடைத்துவிட்டது. தேதி வாரியாக இருக்கிறது. மெஷின் நம்பரும் இருக்கிறது. ஆனால் அந்தப் பொண்ணு அதில் கையெழுத்துப் போடாதாம். வாங்கவில்லையாம். ஆமாம். வாங்கவில்லை. நான்தான் வாங்கினாள் என்று உங்களிடம்... ம். ம். திட்டுங்க. வேகமாகத் திட்டுங்க, நேரமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் நிற்குமா? நிற்கலாமா? உறுதி சொல்ல முடியாதா? சரி. பொய்யைக் கொண்டுபோனால் நோட்டும் சேர்ந்து செத்துப்போகும். புரிகிறது. ஆறு மணிக்குள் வருகிறேன். பூட்டிவிடாதீங்க.

கேட்டீங்களா? நிற்கலாம். நிற்காமலும் போகலாம். 'லாம்' கொண்டுபோய் அந்த நாற்காலிப் பெண்ணிடம் கொடுக்கப் போகிறேன்.

நான் எழுதணுமா? அவள் எழுதித் தருவதோடு நானும் எழுதணுமா? என் கையாலேயா? ஜெயா, முதலாளியிடம் நான் சொன்னதையும் எழுத வேண்டுமா? அது வரிக்காரனுக்கு எதற்கு?

உனக்கா.

சரி. அது தனிக் காகிதம். முதலில் இது. என் எழுத்து எனக்கே புரியாது தம்பி. நான் சொல்கிறேன், நீங்க எழுதுங்க. கையெழுத்து நான் போட்டுக்கொள்கிறேன்.

'வெள்ளைச்சாமி ஆகிய நான் எழுதிக் கொடுப்பது.' எழுதினீங்களா? 'என் பேரில் வந்த பணம் நான் மட்டும் விற்றதற்கு வந்த பணம் அல்ல. கடையில் எட்டு சேல்ஸ்மேன்...' அடியுங்க. ஒன்பது. 'ஒன்பது பேர் விற்றதை என் ஒருவன் பேரில் ஏற்றினோம். எட்டுப் பேர் பங்கிட்டுக்கொண்டோம். அவர்களில் ஒருவரான ஜெயராக்கினி விற்ற மெஷின்களுக்கான பணத்தை அவருக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டோம்.'

என்னம்மா?

'விட்டுவிட்டோம்' தப்பா? ம்.

அடியுங்க தம்பி. 'எடுத்துக்கொண்டோம்.'

இல்லை, அதையும் அடியுங்க. அந்த ஏழு பேரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் சொல்லித்தான் அவர்களும் கொடுக்கவில்லை. 'எடுத்துக்கொண்டேன்' என்று போடுங்க. இதற்கு எவ்வளவு தண்டம் வரும் என்று தெரியவில்லை. வரட்டும். பிள்ளைக்குச் சான்று கிடைத்த பிறகு வரட்டும்.

எத்தனை மெஷின் என்று கேட்கிறாளா? கடைசிப் பக்கத்தில் இருக்கிறதே. இல்லை, நானே சொல்கிறேன். ஜெ, இருநூற்றுப் பதினொன்று. எழுதுங்க. எண்ணில் மட்டும் போட்டால் பின்னால் எவனாவது திருத்திவிடுவான் தம்பி. எழுத்தாலும் எழுதுங்க.